நரி சைஸ் எறும்பு, ஒற்றைக் கொம்புக் குதிரை... பழைய உலக வரைபடங்களில் இந்தியா மிருகக்காட்சி சாலை ஆனது எப்படி? மெகஸ்தனிஸின் கதை

செல்போனில் மேப்பைத் திறந்து அஞ்செட்டி என்று தேடிப் பாருங்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து இறங்கி வரும் ரோடு ஒரு கோடாகத் தெரியும். அது அப்படியே ஒகேனக்கல் பக்கம் போகும். இரண்டு பக்கமும் பச்சை. கொஞ்சம் தள்ளினால் காவிரி, அதைத் தாண்டினால் கர்நாடகா. அவ்வளவுதான். அந்தப் பச்சைக்குள் எத்தனை யானை நிற்கிறது என்று மேப் சொல்லாது.

இதே இடத்தை 700 வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒருவர் வரைந்திருந்தால்? அஞ்செட்டி இருக்காது. காவிரியும் சந்தேகம்தான். ஆனால் யானை கண்டிப்பாக இருக்கும். அதுவும் முதுகில் ஒரு கோட்டையையே சுமந்துகொண்டு நிற்கும்.

இது கற்பனை இல்லை. இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அப்படி ஒரு வரைபடம் இன்றும் இருக்கிறது. சுமார் 1300-ல் ஒரே ஒரு கன்றுக்குட்டித் தோலில் வரையப்பட்டது. உயரம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதில் 500-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னப் படங்கள். நடுவில் ஜெருசலேம். மேலே வடக்கு இல்லை, கிழக்கு. அந்தக் கிழக்கின் உச்சியில் சொர்க்கத் தோட்டம், அதற்குப் பக்கத்தில் இந்தியா. இந்தியாவில் யானை, கிளி, மனித முகமும் சிங்க உடம்பும் கொண்ட ஒரு விநோத மிருகம்... பார்த்தால் சர்க்கஸ் போஸ்டர் மாதிரி இருக்கும்.

வரைந்தவர் இந்தியாவுக்கு வந்தவர் இல்லை. அப்படியானால் இந்த மிருகங்கள் எல்லாம் எங்கிருந்து அவருக்குக் கிடைத்தன?

தேடிக்கொண்டே பின்னால் போனால், நமக்கு ரொம்பத் தெரிந்த ஒரு பெயர் வரும். ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்திலும் டி.என்.பி.எஸ்.சி. கைடுகளிலும் ஒரு மார்க் கேள்வியாக வந்துபோகும் பெயர். இண்டிகா என்ற நூலை எழுதியவர் யார்? மெகஸ்தனிஸ்.

யார் இந்த மெகஸ்தனிஸ்?

கிரேக்கர். கி.மு. 350 வாக்கில் பிறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. அவருடைய இளமையைப் பற்றி எழுத நம்மிடம் ஒன்றும் இல்லை. பெயர் வெளிச்சத்துக்கு வரும்போதே அவர் அதிகார வட்டத்துக்குள் இருக்கிறார். இன்றைய ஆப்கானிஸ்தானின் கந்தஹார் பகுதி அன்றைக்கு அரக்கோசியா. அதன் ஆளுநர் சிபிர்டியஸ். அவரோடுதான் மெகஸ்தனிஸ் தங்கியிருந்தார்.

அது குழப்பமான காலம். கி.மு. 323-ல் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்துபோனார். வாரிசுச் சண்டை. தளபதிகள் ஆளுக்கு ஒரு துண்டாகச் சாம்ராஜ்யத்தைப் பிய்த்துக்கொண்டார்கள். கிழக்குத் துண்டு செலூகஸ் நிகேட்டர் கைக்குப் போனது. அவர் சிந்து நதிப் பக்கம் வந்தபோது எதிரில் நின்றவர் சந்திரகுப்த மௌரியர்.

சண்டை எப்படி முடிந்தது என்பதை விட, பேரம் எப்படி முடிந்தது என்பதுதான் சுவாரஸ்யம். கி.மு. 303 வாக்கில் ஒப்பந்தம். செலூகஸ் பெரிய நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு வாங்கிக்கொண்டது 500 யானைகள்! கி.மு. 301-ல் இப்சஸ் போரில் அவர் அணி ஜெயித்ததற்கு அந்த யானைகள் முக்கியக் காரணம்.

ஆக, இந்தியா என்றாலே கிரேக்கர்களுக்கு யானைதான் நினைவுக்கு வந்தது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு ராஜ்ஜியத்தின் விலையே யானையில் எண்ணப்பட்டது.

இந்த ஒப்பந்தத்தை ஒட்டித்தான் மெகஸ்தனிஸ் தூதராகப் பாடலிபுத்திரத்துக்கு, அதாவது இன்றைய பாட்னாவுக்கு, அனுப்பப்பட்டார்.

அவர் கண்ணால் பார்த்தது என்ன?

இங்கேதான் நாம் அவருக்குக் கொஞ்சம் நியாயம் செய்யவேண்டும். ஏனென்றால் பொய்யர் என்ற பட்டம் அவருக்குப் பின்னால் ரொம்ப காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாடலிபுத்திரத்தை அவர் அளவோடு எழுதினார். நீளம் 80 ஸ்டேடியா, அகலம் 15. இன்றைய கணக்கில் சுமார் 14 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் அகலம். சுற்றிலும் மரத்தால் ஆன மதில். 570 கோபுரங்கள், 64 வாசல்கள், வெளியே அகழி. கல்லும் பளிங்கும் பார்த்துப் பழகிய கிரேக்க வாசகனுக்கு, உலகின் பெரிய நகரங்களில் ஒன்றுக்கு மரவேலி என்றால் நம்பும்படியாகவா இருக்கும்? ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்னாவில் குழி தோண்டியபோது, புலந்திபாக் என்ற இடத்தில் தடித்த மரத்தூண்கள் வரிசையாகக் கிடைத்தன. மெகஸ்தனிஸ் சொன்ன அதே மரமதில். 2,200 வருஷம் கழித்து மண்ணுக்குள்ளிருந்து சாட்சி வந்தது. (பக்கத்தில் கும்ராகாரில் நடந்த அகழாய்வுக்குப் பணம் கொடுத்தது சர் ரத்தன் டாடா. டாடா வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம் இது.)

மிருகங்களையும் பார்த்தார். கங்கைச் சமவெளியில் சிங்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிய புலிகள் உண்டு என்று எழுதினார். அளவு கொஞ்சம் மிகைதான். ஆனால் அதோடு அவர் தரும் காட்சியைப் பாருங்கள். பழக்கப்படுத்திய ஒரு புலியை நாலு பேர் பிடித்து அழைத்துப் போகிறார்கள். போகிற போக்கில் அது ஒரு கோவேறு கழுதையின் பின்னங்காலைக் கவ்வித் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்த்த ஆள் சொல்வது மாதிரி இல்லை?

பெரிய நாயை விடப் பெரிய குரங்கு, உடம்பு வெள்ளை, முகம் மட்டும் கறுப்பு, இரண்டு முழத்துக்கு மேல் வால் என்றும் எழுதினார். கிரேக்கத்தில் இதைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள். நமக்கு அது வேறு யாருமில்லை, லங்கூர். கருங்குரங்கின் வடக்கத்தி உறவு. மானையும் மாட்டையும் முழுசாக விழுங்கும் பாம்பு என்றார். மாடு கொஞ்சம் ஓவர். மான் என்றால் மலைப்பாம்புக்குச் சாத்தியம்தான்.

யானை விஷயத்தில் அவர் எவ்வளவு சரி?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம் என்பதால் யானைக் கதை வந்தால் எனக்கு வேகம் குறைந்துவிடும்.

யானை பிடிக்கும் முறையை மெகஸ்தனிஸ் விவரித்த விதம் இது. வெட்டவெளியைத் தேர்ந்தெடுத்து, நாலைந்து ஸ்டேடியா சுற்றளவுக்கு ஆழமான அகழி வெட்டுவார்கள். உள்ளே போக ஒரே ஒரு குறுகலான பாலம். அதன் மேல் மண்ணும் புல்லும் போட்டு மறைத்துவிடுவார்கள். உள்ளே மூன்று நாலு பழகிய பெண் யானைகள். ஆட்கள் பதுங்கு குழிக்குள். பகலில் காட்டு யானை வராது. ராத்திரிதான் வாசனை பிடித்து வரும், அகழியைச் சுற்றும், பாலத்தைக் கண்டுபிடித்து உள்ளே போகும். உடனே பாலத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு பட்டினி போட்டு, சோர்ந்ததும் பழகிய யானைகளை விட்டு மோதவைத்து, காலைக் கட்டிவிடுவார்கள். பிடிபட்ட யானை சாப்பிட மறுத்து ஏங்கினால், மேளமும் தாளமும் தட்டிப் பாட்டுப் பாடித் தேற்றுவார்கள்.

அகழி, பாலம், பெண் யானை, பட்டினி, கும்கி. ஒரு விஷயம் விடாமல் எல்லாம் இருக்கிறது. 1874-ல், காவிரிக்கு அந்தப் பக்கம் சாமராஜநகர் பகுதியில் சாண்டர்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி மைசூர் அரசுக்காக யானைக் கூட்டத்தைப் பிடித்தார். கெத்தா என்று அந்த முறைக்குப் பெயர். அதிலும் அகழி உண்டு, கும்கி உண்டு. மைசூர்ப் பக்கம் கடைசி கெத்தா காக்கனகோட்டையில் 1971-ல் நடந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பெரிதாக மாறாத ஒரு தொழிலை அந்தக் கிரேக்கர் கிட்டத்தட்டச் சரியாகவே குறித்துவைத்திருக்கிறார்.

நம் இலக்கியமும் இதற்குச் சாட்சி. சிறையிலிருந்து கரிகாலன் தப்பியதைச் சொல்லும்போது பட்டினப்பாலை, குழியில் விழுந்த யானை கரையை இடித்துக்கொண்டு வெளியே வருவதைத்தான் உவமையாக எடுக்கிறது. குழி வெட்டி யானை பிடிப்பது தமிழ்க் காட்டுக்கும் பழக்கமான வேலை.

தப்பும் உண்டு. யானையின் கர்ப்பகாலம் 16 முதல் 18 மாதம் என்றார். உண்மையில் 20 மாதத்துக்கும் மேல். நீண்ட ஆயுள் யானை 200 வருஷம் வாழும் என்றார். அது நிச்சயம் யாரோ பாகன் அடித்துவிட்டதாகத்தான் இருக்கும். ஊரில் என் பாட்டி சொல்லும் யானைக்கு நூற்றைம்பது வயசு. ராகிக் கொல்லையில் பரண் மேல் காவலுக்குப் படுத்த ராத்திரியில் வந்த அதே ஒற்றைத் தந்தன், அதுக்கு முன்னால் அவங்க மாமனார் காலத்திலேயும் வந்ததாம். பாட்டியைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா என்ன?

அப்போ அந்த எறும்பு?

வருகிறேன். மெகஸ்தனிஸை மாட்டிவிட்டதே அந்த எறும்புதான்.

கிழக்கு மலைகளில் டெர்டாய் என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பகுதியில் 3,000 ஸ்டேடியா சுற்றளவுள்ள ஒரு பீடபூமி. அதன் அடியில் தங்கம். அதைத் தோண்டுவது எறும்புகள். ஒவ்வொன்றும் நரிக்குக் குறையாத அளவு. குளிர்காலத்தில் மண்ணைத் தோண்டி வெளியே குவித்துவைக்கும். அந்த மண்ணில் தங்கத்தூள் இருக்கும். மக்கள் மாட்டிலும் கழுதையிலும் வந்து திருட்டுத்தனமாக அள்ளிப் போவார்கள். எறும்பு துரத்தினால் ஆளையும் கொல்லும், மாட்டையும் கொல்லும். அதனால் இறைச்சித் துண்டுகளை அங்கங்கே வீசி அவற்றின் கவனத்தைத் திருப்பிவிட்டு மூட்டை கட்டுவார்கள்.

இதுதான் கதை. இதை முதலில் எழுதியவர் மெகஸ்தனிஸ் இல்லை. அவருக்கு 100 வருஷத்துக்கு மேல் முந்தைய ஹெரோடோட்டஸ் புத்தகத்திலேயே இந்த எறும்பு இருக்கிறது. முக்கியமாக, இது கிரேக்கர் இட்டுக்கட்டியதும் இல்லை. மகாபாரதத்தின் சபா பருவத்தில் யுதிஷ்டிரனுக்கு வடக்கு மலை மக்கள் கொண்டுவரும் காணிக்கைகளில் எறும்புகள் எடுத்த தங்கமும் ஒன்று. பிபீலிகா என்றால் வடமொழியில் எறும்பு. அந்தப் பெயரிலேயே அந்தத் தங்கம் அழைக்கப்பட்டது. ஆக, இது நம் நாட்டுச் சரக்கு. அவர் கேட்டார், எழுதினார்.

இதன் பின்னால் உண்மை ஏதாவது இருக்குமா? மிஷேல் பெசெல் என்ற பிரெஞ்சுப் பயணி ஒரு விளக்கம் சொன்னார். இமயமலைப் பக்கம் தியோசாய் பீடபூமியில் மார்மோட் என்ற பெரிய அணில் வகைப் பிராணி வளை தோண்டி வாழ்கிறது. அது வெளியே தள்ளும் மண்ணில் தங்கத்தூள் உண்டு. அதை முன்னோர்கள் சேகரித்ததாக அங்குள்ள மினாரோ மக்கள் அவரிடம் சொன்னார்கள். மலை எறும்பு என்ற பொருள்படும் பழைய பாரசீகப் பெயர் ஏதோ ஒன்று மொழிபெயர்ப்பில் வெறும் எறும்பாகச் சுருங்கியிருக்கலாம் என்பது அவர் வாதம். எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொண்ட முடிவு இல்லை இது. ஆனால் எறும்பை அப்படியே நம்புவதை விட மார்மோட்டை நம்புவது எளிது.

எறும்போடு கதை நிற்கவில்லை. மான் தலையும் ஒற்றைக் கொம்பும் கொண்ட குதிரை என்றார். காண்டாமிருகத்தைப் பார்த்த யாரோ, பார்க்காத யாரிடமோ சொன்ன வர்ணனை மாதிரி இருக்கிறது. இறக்கை உள்ள பாம்பு ராத்திரியில் பறந்து, அதன் சிறுநீர் பட்டால் தோல் அழுகும் என்றார். கங்கை பிறக்கும் இடத்தில் வாயே இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள், இறைச்சி வாசனையும் பழ வாசனையும் முகர்ந்தே உயிர் வாழ்கிறார்கள் என்றார். பாதம் பின்பக்கம் திரும்பியவர்கள், காதை விரித்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்கள் என்று பட்டியல் நீள்கிறது.

காதைப் போர்த்தித் தூங்கும் கூட்டத்துக்கு வடமொழியில் பெயரே உண்டு. கர்ணப்ராவரணர். அதுவும் மகாபாரதத்தில் வருகிறது. அரண்மனையில் பண்டிதர்கள் சொன்ன புராணத்தை ஒரு வெளிநாட்டுத் தூதர் புவியியல் என்று நினைத்துக் குறித்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

நம்மிடமும் இப்படி உண்டு என்பதை மறக்கவேண்டாம். யாழிசையில் மயங்கி, பறைச் சத்தம் கேட்டால் உயிர்விடும் அசுணம் சங்கப் பாட்டில் இருக்கிறது. கோவில் தூணில் சிங்கமும் யானையும் கலந்த யாளி நிற்கிறது. அதைச் செதுக்கிய ஸ்தபதியை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை.

பாண்டிய நாட்டைப் பற்றியும் எழுதினாரா?

எழுதினார். தமிழ் வாசகர்களுக்கு இதுதான் ஹைலைட்.

இந்தியாவில் ஹெராக்ளிஸ் என்ற கடவுளுக்கு நிறைய மகன்கள், ஒரே ஒரு மகள். பெயர் பண்டையா. அவளுக்கு அவர் கொடுத்த நாடு அவள் பெயராலேயே அழைக்கப்பட்டது. 500 யானை, 4,000 குதிரைப்படை, 1,30,000 காலாட்படை சீதனம். மகளுக்குப் பூட்டி அழகு பார்க்க ஹெராக்ளிஸ் கடலெல்லாம் தேடிக் கண்டுபிடித்த நகை எது தெரியுமா? முத்து.

மகளின் ஆட்சி, யானை, முத்து. மதுரையையும் கொற்கையையும் பார்க்காத ஒருவர், பாட்னாவில் உட்கார்ந்துகொண்டு தெற்கிலிருந்து வந்த பேச்சைக் கேட்டு எழுதியிருக்கிறார். மீனாட்சி கதையின் நிழல் இதில் விழுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. நிரூபிக்க முடியாது. ஆனால் கி.மு. 300 வாக்கிலேயே பாண்டியர் பெயர் கங்கைக் கரை வரை பரவியிருந்தது என்பதற்கு இது பெரிய ஆதாரம். அடுத்த இரண்டு தலைமுறையில் சந்திரகுப்தரின் பேரன் அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சதியபுத்திரர் என்று நாலு பேரைக் குறிப்பிட்டார். அந்தச் சதியபுத்திரர் யார் என்ற சண்டைக்கு 1981-ல் ஜம்பை கல்வெட்டு விடை சொன்னது: தகடூர் அதியமான் வம்சம். தகடூர் என்றால் தர்மபுரி. அஞ்செட்டிக்குத் தெற்கே ரொம்ப தூரம் இல்லை.

இலங்கையையும் விடவில்லை. தப்ரபேன் என்று கிரேக்கர் அழைத்த அந்தத் தீவில் இந்தியாவை விடத் தங்கமும் பெரிய முத்தும் அதிகம் என்று கேட்டு எழுதினார்.

பொய்யர் பட்டம் எப்படி வந்தது?

மெகஸ்தனிஸ் எப்போது, எங்கே இறந்தார் என்பதற்குக் குறிப்பு இல்லை. கி.மு. 290 வாக்கில் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. அதைவிடச் சோகம், அவர் புத்தகமும் அழிந்துபோனது. இண்டிகாவின் ஒரு முழுப் பிரதிகூட இன்று உலகத்தில் கிடையாது. நமக்குக் கிடைப்பது எல்லாம் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தங்கள் புத்தகத்தில் எடுத்துப் போட்ட துண்டுகள்.

சுமார் 300 வருஷம் கழித்து வந்த ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் இவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். இந்தியாவைப் பற்றி எழுதிய எல்லோருமே பொய்யர்கள், அதில் முதலிடம் டெய்மாக்கஸுக்கு, இரண்டாமிடம் மெகஸ்தனிஸுக்கு என்று ரேங்க் போட்டார். (டெய்மாக்கஸ், பிந்துசாரர் அவைக்கு வந்த தூதர்.) காமெடி என்னவென்றால், அதே ஸ்ட்ராபோ இந்தியாவைப் பற்றித் தன் புத்தகத்தில் எழுதும்போது பக்கம் பக்கமாக எடுத்தாண்டது மெகஸ்தனிஸைத்தான். திட்டவும் அவர், திங்கவும் அவர் சோறு.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வந்த அரியன் மட்டும் நிதானமாகப் பார்த்தார். எறும்பைப் பற்றி மெகஸ்தனிஸ் தான் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறார், பார்த்ததாக எழுதவில்லை, எனக்கும் அதற்கு மேல் உறுதியாக எதுவும் தெரியாததால் விட்டுவிடுகிறேன் என்ற தோரணையில் கடந்துபோனார்.

நியூஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். நிருபர் அனுப்பும் காப்பியில் 'கூறப்படுகிறது' என்று ஒரு வார்த்தை இருக்கும். வரி நீளம் என்று அதை எடுத்துவிட்டால் தலைப்பு கச்சிதமாக உட்காரும். அடுத்தவர் அந்தத் தலைப்பைப் பார்த்து எழுதுவார். மூன்றாவது ஆள் கைக்குப் போகும்போது அது நடந்த சம்பவம். ஏதோ ஒரு மாநிலத்து யானை வீடியோ தேன்கனிக்கோட்டை யானை என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றி, அது உண்மையா என்று எனக்கே ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது. மெகஸ்தனிஸின் கேள்விப்பட்டேன் என்ற வார்த்தையும் இப்படித்தான் வழியில் எங்கேயோ கழன்று விழுந்தது.

வரைபடத்துக்குள் மிருகங்கள் எப்படி நுழைந்தன?

ரோமில் பிளினி என்றொரு அதிகாரி 37 பாகங்களில் ஒரு கலைக்களஞ்சியம் எழுதினார். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தாரே, அவரேதான். அதில் மெகஸ்தனிஸின் விநோத மனிதர்களும் மிருகங்களும் குடியேறினார்கள். கூடவே கிடீசியஸ் என்பவரின் சரக்கும் சேர்ந்தது. இவர் பாரசீக அரண்மனை மருத்துவர். இந்தியப் பக்கமே வராமல் இந்தியாவைப் பற்றி எழுதியவர். மனித முகம், சிங்க உடம்பு, தேள் வால் கொண்ட மாண்டிகோர் இவருடைய பங்களிப்பு. வந்து பார்த்தவரும் வராமல் எழுதியவரும் ஒரே பக்கத்தில் சமமாக உட்கார்ந்தார்கள்.

பிளினியிடமிருந்து சொலினஸ் எடுத்தார். அவர் பார்த்தது வித்தியாசமானவற்றை மட்டும். நகராட்சிக் குழுக்கள், சாலையோரத் தூரக்கற்கள், மரமதில் எல்லாம் யாருக்கு வேண்டும்? பிறகு 7-ஆம் நூற்றாண்டில் செவில் நகரின் இசிடோர். அங்கிருந்து மடாலயங்கள், அங்கிருந்து வரைபடம் வரைபவர்கள். ஹியர்ஃபோர்டு வரைபடம் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று. தங்கம் காக்கும் எறும்புகூட அதில் இருக்கிறது.

அந்தக் காலத்து வரைபடம் வழி காட்டுவதற்கு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கடவுள் படைத்த உலகம் எவ்வளவு விநோதமானது என்று காட்டும் சித்திரம் அது. தூரத்தில் இருக்கும் நாடு என்றால் விநோதம் அதிகம். ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் நாம்தான் ரொம்ப தூரம்.

அச்சு வந்த பிறகாவது நின்றதா என்றால், இல்லை. கடல் வழி திறந்து வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகும் 1544-ல் செபாஸ்டியன் மூன்ஸ்டர் வெளியிட்ட பெரிய உலகப் புத்தகத்தில் இந்தியப் பகுதிக்கு வந்த மரச்செதுக்குப் படத்தில் ஒற்றைக்காலனும் தலையில்லாதவனும் நாய்த்தலையனும் வரிசையாக நிற்கிறார்கள். யானை இன்னும் மோசமாக அலைந்தது. 1516-ல் மார்ட்டின் வால்ட்சிமுல்லர் போட்ட கடல் வரைபடத்தில் ஐரோப்பாவின் வட கோடியில் யானை மாதிரி ஒன்று நிற்கும். அது நீண்ட தந்தமுள்ள வால்ரஸ் என்ற கடல் விலங்கு. வால்ரஸைப் பார்த்திராத ஓவியர் தந்தம் என்று படித்ததும் யானையை வரைந்துவிட்டார். 1522-ல் லோரன்ஸ் ஃப்ரீஸ் போட்ட உலக வரைபடத்தில் கிரீன்லாந்துப் பக்கம் யானை. பனிக்கட்டியில் யானை!

18-ஆம் நூற்றாண்டில்தான் வெட்கம் வந்தது. ஊர்ப்பெயர் தெரியாத இடத்தில் யானையை வரைந்து ஒப்பேற்றுகிறார்கள் என்று ஜொனாதன் ஸ்விஃப்ட் 1733-ல் ஒரு கவிதையில் கிண்டலடித்தார். கலிவரின் பயணங்கள் எழுதியவர்தான். 1749-ல் பிரான்சின் தான்வில் ஆப்பிரிக்கா வரைபடம் போட்டபோது தெரியாத இடத்தை வெறும் வெள்ளையாக விட்டார். தெரியாது என்பதைத் தெரியாது என்றே காட்டியது அன்றைக்குப் பெரிய துணிச்சல். அதற்குப் பிறகு மிருகங்கள் மெல்ல மெல்லத் தலைப்புக் கட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, பிறகு காணாமலே போயின.

மெகஸ்தனிஸ் மறுபடி எப்படிக் கிடைத்தார்?

1846-ல் ஜெர்மனியின் பான் நகரில் ஷ்வான்பெக் என்ற அறிஞர், ஸ்ட்ராபோ, அரியன், டியோடோரஸ், பிளினி என்று பல புத்தகங்களில் சிதறிக் கிடந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி ஒன்றாகத் தொகுத்தார். 1877-ல் மெக்கிரிண்டில் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நம் பாடப் புத்தகங்களில் இண்டிகா என்று வருவது இந்தத் துண்டுகளின் தொகுப்புத்தான். முழு நூல் இல்லை.

அதைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. அவர் தப்பாக எழுதிய பெரிய விஷயங்கள் எறும்பும் குதிரையும் மட்டும் இல்லை. இந்தியாவில் அடிமைகளே இல்லை என்றார், பஞ்சம் வந்ததே இல்லை என்றார். இரண்டும் உண்மை இல்லை. இவற்றைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதியவர்கள் நம்மில் நிறையப் பேர். வரைபடத்தில் எறும்பைப் பார்த்துச் சிரிக்கிற நாமே, பஞ்சம் இல்லாத பொற்காலத்துக்கு டிக் அடித்துவிட்டு வந்திருக்கிறோம்.

துண்டுகளில் எனக்குப் பிடித்தது யானைப் பகுதியில் வரும் சின்னக் குறிப்பு ஒன்று. யானைக்குக் கண் வலி வந்தால் பசும்பாலை ஊற்றுவார்களாம். பாகன் போரில் விழுந்தால் சில யானைகள் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வருமாம். சில யானைகள் கோபத்தில் தன் பாகனையே கொன்றுவிட்டு, பிறகு ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்து செத்தும் போகுமாம். எந்த வரைபடக்காரரும் இதை வரையவில்லை.

இந்த வருஷமும் குளிர் தொடங்கினால் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கும். ராகி முற்றும் நேரம் அதற்குத் தெரியும். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று எந்தக் கொல்லைக்கு வரும் என்பதுதான் தெரியாது. 2014-ல் இந்தக் காடு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் ஆனது. அடுத்த பகுதி 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம். இரண்டுக்கும் வரைபடம் இருக்கிறது, எல்லைக்கோடு துல்லியமாக இருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது பாட்டியிடம் போனில் அதைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஆனை எங்கடா இருக்கு இதுல என்று கேட்டார்.